பல்அமீயைப் படிக்க யாராவது துணைக்கு வருவீர்களா?

நண்பர்களே, வணக்கம். வரலாற்றாசிரியர் தபரி அரபியில் எழுதிய வரலாற்றை, கிழக்கு ஈரானையும் மத்திய ஆசியாவையும் ஆண்ட சாமானிய (Samanid) வம்சத்து மன்னர் மன்சூரின் ஆணைப்படி அமைச்சர் பல்அமீ 963இல் பாரசீகத்தில் எழுதத் தொடங்கினார். மொழிபெயர்ப்பு என்று பெயர்தான்! ‘இன்னார் சொல்ல இன்னார் கேட்டார்’ என்று நீளும் அறிவிப்பாளர் வரிசையை வெட்டிவிட்டார். ஆனால் இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானியர்களின் தளபதி பஹ்ராம் சோபினின் கதையை விரித்துச் சொல்கிறார். சாமானிய வம்சத்தார் தங்களை அந்த பஹ்ராமின் வாரிசுகள் என்று சொல்லிக்கொண்டவர்களாயிற்றே. பழைய ஈரானிய மன்னர்களைப் பாடும் ஷாநாமா காவியத்தைக் கவிஞர் ஃபிர்தௌசி முடித்தது 1010இல். அதற்கு முன்பே உரைநடை வரலாறு பழைய ஈரானை மீட்கக் கிளம்பிவிட்டது என்பது என் எண்ணம்.

பாரசீகம் தெரிந்தவர்கள் அந்த பஹ்ராம் பகுதியை மட்டும் என்னோடு சேர்ந்து படிக்க முடியுமா? எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அதற்கு மேல் தள்ளாட்டம். அப்புறம், அரபி தெரிந்தவர் ஒருவர் தபரியோடு ஒப்பிட்டுச் சொன்னால் பெரிய உதவி.