மூன்றாவது பொத்தான்

எனக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி இறுகும் நோய், வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வலி என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது, இறுக்கம் என்றால் புரிவதில்லை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. பிரஷைப் பிடிக்க முடியாது, குழாயைத் திருக முடியாது. வெந்நீரில் பத்து நிமிடம் கையை வைத்திருப்பேன். சுண்டுவிரல் முதலில் இளகும், கட்டைவிரல் கடைசியில்தான். சட்டையின் மூன்றாவது பொத்தான்தான் எனக்கு அளவுகோல். அது துளைக்குள் நுழைந்துவிட்டால் கிளம்பிவிடலாம்.

அலுவலகத்துக்குத் தாமதமாக வர அனுமதி வாங்கியிருந்தேன். ஒருநாள் மதியம் நான் மாடிப்படி ஏறுவதைப் பார்த்த சக ஊழியர், "காலையில முடியலன்னீங்க, இப்ப நல்லாத்தானே ஏறுறீங்க?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் சுருக்கென்றது, பதில் வரவில்லை. மறுநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன். தேய்மானத்தால் வரும் மூட்டுவலி நடக்க நடக்கக் கூடும், இது அப்படியில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது, ராத்திரி அசையாமல் கிடந்ததில் மூட்டு இறுகிப்போகிறது, அசைய அசையத்தான் விடும். காலை இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்பதே அதனால்தான். எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ காலை மீட்டிங்கைப் பதினொன்றுக்கு வெச்சுக்கலாமே" என்றார். மூன்று வருடமாக அது பதினொன்றுக்குத்தான் நடக்கிறது. அவருக்கு நான் சரியாக நன்றி சொன்னேனா என்று இப்போதும் தோன்றும்.

மாத்திரையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எனக்கு உதவிக்கு வந்திருந்த உறவினர், பாவம், அதையும் தினசரி மாத்திரைகளோடு சேர்த்து எடுத்து வைத்துவிட்டார். வாயில் போடும் முன் கவனித்துவிட்டேன். அன்றிலிருந்து டப்பாவின் மூடியில் 'புதன் மட்டும்' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். வீட்டில் யாருக்காவது இந்த மருந்து இருந்தால், தயவுசெய்து நீங்களும் எழுதி ஒட்டுங்கள்.

*

மேலே எழுதியவர் வேறு, நான் வேறு. எனக்கு டைப் 1 சர்க்கரை (உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை), இருபது வயதிலிருந்து. ஒருநாள் வரிசையில் நிற்கும்போது சர்க்கரை இறங்கிவிட்டது. கை நடுங்கி, வேர்த்துக்கொட்டி, வார்த்தை குழறியது. முன்னால் நின்றவர் குடித்திருக்கிறேன் என்று நினைத்து விலகினார். பின்னால் நின்ற அம்மா மட்டும், "சுகர் இருக்கா தம்பி? பையில ஏதாவது வெச்சிருக்கியா?" என்று கேட்டு, நான் தலையாட்டியதும் என் பையைத் திறந்து குளுக்கோஸ் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். பதினைந்து கிராம் குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பரிசோதனை என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்த கணக்கு. அந்த நேரம் முழுக்க என் இடத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு கூடவே நின்றார். அவர் கணவருக்கும் இருந்ததாம்.

*

முதலில் எழுதியவருக்கு: பொத்தானுக்கென்றே ஒரு கொக்கி இருக்கிறது, தடித்த பிடியும் முனையில் கம்பி வளையமும் உள்ளது. வளையத்தைத் துளை வழியாக விட்டுப் பொத்தானில் மாட்டி இழுத்தால் போதும். என் அக்காவுக்கும் இதே நோய், அவர் அதைத்தான் பயன்படுத்துகிறார். அப்புறம், பையை விரலில் தொங்கவிடாமல் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள், சின்ன மூட்டுகளுக்குப் பாரம் குறையும்.

*

கொக்கி வாங்கிவிட்டேன், ரொம்ப நன்றி. முதல் இரண்டு நாள் வளையம் நழுவிக்கொண்டே இருந்தது. இன்றைக்கு மூன்றாவது பொத்தான் வெந்நீருக்கு முன்பே போட்டாயிற்று.