ஆஸ்துமா இழுப்பு உள்ளவர்களுக்கு முதுகு நீவிவிடுவது எவ்வளவு தூரம் உதவும்?

கேள்வி: குடியாத்தம் மகன்

வணக்கம். என் தாயாருக்கு வயது 61. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பீடி சுற்றியவர். நாற்பது வயதிலிருந்து இழுப்பு இருக்கிறது. மார்கழிப் பனியிலும் போகிப் புகையிலும் அது கூடிவிடும். காலை, இரவு இரு வேளையும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்து வந்தார். மழைக்காலத்தில் சில முறை ஸ்டீராய்டு மாத்திரையும் தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டு மாதமாக, உடம்பு பிடித்துவிடும் ஒருவர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, கற்பூரம் காய்ச்சிய எண்ணெயைத் தடவி, முதுகையும் தோளையும் நீவிவிட்டு, குப்புறப் படுக்க வைத்து முதுகெலும்பை அழுத்தியும் விடுகிறார். அன்று இரவு அம்மா நிம்மதியாக உறங்குவதைக் கண்ணால் பார்ப்பதால் இதை வெறும் ஏமாற்று என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் சென்ற வாரம் அந்தப் பிடித்துவிடுபவர், "நுரையீரல் திறந்துவிட்டது, இனி பம்பு வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். இன்ஹேலரில் மீதமுள்ள அளவைக் காட்டும் எண் நான்கு நாளாக 87-லேயே நிற்பதைப் பார்த்த பிறகுதான் அம்மா அதை நிறுத்திவிட்டது எனக்குத் தெரிந்தது. நீவிவிடுவதால் ஆஸ்துமா உண்மையிலேயே குறையுமா?

பதில் 1: காட்பாடி இயன்முறை மருத்துவர்

முதலில் இன்றிரவே இன்ஹேலரைத் தொடங்கச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம். ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்தினால் பாதிப்பு உடனே தெரியாது. மூச்சுக்குழாயின் உட்சுவர் நாள்கணக்கில் மெல்ல வீங்கி வரும். அதற்குள் "நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லையே" என்ற துணிச்சல் வந்துவிடும்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி சேர்கிறது. இவை மூன்றும் நெஞ்சுக்கூட்டுக்குள் நடப்பவை. முதுகின் மேல் வைத்த கை அங்கே எட்டாது. ஆனால் பல ஆண்டுகள் இழுத்து இழுத்து மூச்சு விடுபவர்களுக்குக் கழுத்துத் தசைகளும் தோள்பட்டையும் ஓய்வில்லாமல் வேலை செய்து கல்லாக இறுகிப்போயிருக்கும். அந்த இறுக்கம் தளரும்போது வலியும் பதற்றமும் குறைகின்றன, உறக்கம் வருகிறது. உங்கள் தாயாருக்குக் கிடைத்த ஆறுதல் பொய்யல்ல. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் தவறு.

ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே காட்டுகின்றன. 1998-இல் கனடாவில், லேசான அல்லது நடுத்தர ஆஸ்துமா உள்ள குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முதுகெலும்பைச் சொடுக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சையையும் மற்றதற்கு அதைப் போன்ற பாவனையையும் நான்கு மாதம் கொடுத்தார்கள். இரு பிரிவிலுமே தொந்தரவு குறைந்தது. உண்மைச் சிகிச்சைக்கும் பாவனைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு, கைவழிச் சிகிச்சைகளைத் தொகுத்து ஆராய்ந்த அறிக்கைக்கு 2005-இல் தேறியவை மூன்றே ஆய்வுகள், 156 பேர். ஆஸ்துமாவுக்கு இதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

எனக்கு அதிகக் கவலை தருவது, குப்புறப் படுக்க வைத்து முதுகெலும்பை அழுத்துவதாக நீங்கள் எழுதியதுதான். ஸ்டீராய்டு மாத்திரை பலமுறை எடுத்த, அறுபதைத் தாண்டிய பெண்ணின் எலும்பு தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. முதுகெலும்பை ஓங்கி அழுத்தினால் விரிசல் விழலாம். கழுத்தைச் சொடுக்கவும் விடாதீர்கள். நாற்காலியில் அமர்ந்து, மேசைமேல் தலையணை வைத்து முன்சாய்ந்த நிலையில் தோளையும் மேல்முதுகையும் மென்மையாக நீவினால் போதும். இழுப்பு வந்துகொண்டிருக்கும்போது முதுகில் தட்டுவது, படுக்க வைப்பது இரண்டுமே கூடாது. அந்த நேரத்தில் உட்கார்ந்தபடி, இழுப்பை உடனே தணிக்கும் நிவாரண இன்ஹேலர். பேச்சு ஒரு வாக்கியம்கூட முடியாமல் திணறினால் தாமதமின்றி மருத்துவமனை.

பதில் 2: இராணிப்பேட்டை அம்மா

என் மகனுக்கு ஏழு வயது. அமெரிக்காவில் பெற்றோரே தினமும் படுக்கப்போகும் முன் 20 நிமிடம், 30 நாள் உடம்பு பிடித்துவிட்ட ஒரு சிறிய ஆய்வில், 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு ஊதும் அளவு (மூச்சை எவ்வளவு வேகமாக ஊதி வெளியேற்ற முடிகிறது என்பது) கூடியது என்று படித்துவிட்டு நானும் தொடங்கினேன். பையன் அமைதியாக உறங்குகிறான். ஊதும் அளவு பெரிதாக மாறவில்லை. ஆனாலும் நிறுத்த மனமில்லை. பகலெல்லாம் ஓடுகிறவன் என் கைக்குள் இருக்கும் நேரம் அதுதான்.

எண்ணெய் விஷயத்தில் கவனம் வேண்டும். கற்பூர நெடியே என் மகனுக்கு இருமலைக் கிளப்பியது. சிறு குழந்தைகளுக்குக் கற்பூரம் நஞ்சாகும் என்றும் மருத்துவர் எச்சரித்தார். இப்போது வெறும் தேங்காய் எண்ணெய்தான்.

பதில் 3: சித்த மருத்துவர், வேலூர்

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல் என ஒன்பது வகை உண்டு. நோயாளியின் வலிமை பார்த்தே வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரைப்பு மிகுந்த நிலையில் நான் தொக்கணம் செய்வதில்லை. நோயாளி எடுத்துவரும் இன்ஹேலரை நிறுத்தச் சொல்வதும் இல்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர் எழுதிக் கொடுத்த மருத்துவரே.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. அன்றிரவே இன்ஹேலர் தொடங்கியாகிவிட்டது. ஊதி அளக்கும் கருவி ஒன்றையும் வாங்கி, நின்றபடி மூன்று முறை ஊத வைத்து, அதிகமானதை நாட்காட்டியில் எழுதி வருகிறேன். நீவிவிட்ட அன்று முன்னும் 190, பின்னும் 190. "லேசாக இருக்கிறது" என்று அம்மா சொன்னபோதும் முள் நகரவில்லை. இன்ஹேலர் தொடங்கிப் பத்து நாளில் 240. அம்மாவை உட்கார வைத்து அந்த இரண்டு எண்களையும் காட்டினேன்.

பிடித்துவிடுபவரிடமும் பக்குவமாகச் சொல்லிவிட்டேன். சற்று முகம் சுளித்தாலும், நாற்காலியில் அமர்த்தித் தோளை மட்டும் நீவ ஒப்புக்கொண்டார். கற்பூர வாசனை இல்லாத எண்ணெய் எண்ணெயே இல்லை என்பதுதான் இப்போது அம்மாவின் ஒரே குறை.