சாதாரண நாளில் உங்களை நீங்களே சட்டென்று பார்த்த அனுபவம் உண்டா?

மழைக்காகம்

யாத்திரை போனேன், ஒளி தெரிந்தது போன்ற கதைகள் வேண்டாம். வீட்டு வேலைக்கு நடுவே, அலுவலகம் போகிற வழியில் என்று ஏதோ ஒரு கணத்தில் 'ஓ, நான் இதுதானா' என்று நின்றிருப்பீர்களே, அதைச் சொல்லுங்கள். என்னுடையது மூன்று வாரமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

தோழியின் அம்மா இறந்துவிட்டார். நேரில் போக முடியாத தூரம் என்பதால் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினேன். மறுநாள் துணி மடித்துக்கொண்டே, ஒழுங்காகப் பேசினோமா என்று போட்டுக் கேட்டேன். 4 நிமிடம் 10 நொடி. முதல் 40 நொடி அவள் அம்மா. மீதி முழுக்க என் அம்மா. அவர் போனபோது நான் எப்படித் தாங்கினேன், சுற்றியிருந்தவர்கள் என் தைரியத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது வரைக்கும். குரலில் நடுக்கம் வேறு, சரியான இடம் பார்த்து வருகிற நடுக்கம்! பாதி மடித்த தலையணை உறையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கைதட்டலுக்குக் காத்திருக்கிற குரல் அது. பேசும்போது எனக்குக் கண்ணீர் வந்ததும் உண்மை. அதுதான் குழப்புகிறது.

இரவுப்பணி

லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். தனியாக, போனில் சார்ஜ் இல்லாமல். மணியை அழுத்தினால் யாரோ "வர்றோம்" என்றார்கள், சரி. பயம் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன், உள்ளே ஒருவன் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறான். "அப்ப பாரு, லைட்டும் போயிடுச்சு..." லைட் போகவே இல்லை. மனைவியிடம் சொல்வதற்கு ஒத்திகை நடக்கிறது! நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன், கதை அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டது. கதவு திறந்தபோது எனக்கு லேசான ஏமாற்றம். 40 நிமிடம் என்று கதையில் வைத்திருந்தேன், 20தான் ஆகியிருந்தது.

வீட்டில் போய் 40 என்றேதான் சொன்னேன்.

பத்துநாள்மௌனம்

தவறாக நினைக்க வேண்டாம், மேலே இரண்டு பேரும் எழுதியிருப்பது குற்றவுணர்ச்சி. தன்னை அறிவது வேறு. நான் விபாசனா தியானத்துக்காகப் பத்து நாள் முகாம் போனவன். பின்வரிசையில் ஒருவர் ஓயாமல் இருமினார், ஏழாம் நாள் எனக்குக் கொலைவெறி. எட்டாம் நாள் அவர் இடம் காலி. அந்த இருமல் இல்லாமல் என்னால் உட்காரவே முடியவில்லை. என் கதை அவ்வளவுதான்.

உங்களுக்குப் பயன்படுமே என்று சொல்கிறேன். விபாசனா ஆசிரியர் கோயங்காவின் வழியில் முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். மூச்சை இழுப்பதோ அடக்குவதோ கிடையாது, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையில் அது வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான்காம் நாள்தான் தலை முதல் கால் வரை உடம்பின் உணர்ச்சிகளுக்குப் போவார்கள். விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும், பத்தாம் நாள் வரை பேச்சு கிடையாது. இவ்வளவு ஏற்பாடு எதற்கு? வந்த எண்ணத்தை நல்லது கெட்டது என்று தரம் பிரிக்காமல் பார்க்கப் பழகத்தான். மழைக்காகம், நீங்கள் பார்த்த அதே நொடியில் தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். இனி குரல்பதிவு வேண்டாம், எழுதி அனுப்புங்கள், அனுப்பும் முன் 'நான்' எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். இரவுப்பணி, உள்ளே பேசுகிறவனை விரட்டாதீர்கள், பதிலும் சொல்லாதீர்கள். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காருங்கள். முதுகு வலித்தால் சுவரில் சாயலாம், படுக்க மட்டும் கூடாது. ஆறு மாதம் செய்துவிட்டு வந்து எழுதுங்கள்.

இரவுப்பணி

அண்ணே, நான் லிஃப்ட் கதை சொல்லத்தான் வந்தேன்.

ஈரத்துண்டு

காலை ஒரு மணி மாலை ஒரு மணி கிடைக்கிறவர்கள் பாக்கியசாலிகள். என் அப்பா படுக்கையில் விழுந்து இரண்டு வருடம், ஞாபகமும் போய்விட்டது. இப்படி இருப்பவர்களிடம் 'சேவையே தியானம்' என்று சொல்ல ஒரு கூட்டமே உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்துச் சமையற்கட்டில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், வேலை நேரமும் ஜெப நேரமும் தனக்கு ஒன்றுதான் என்றாராம். அவருக்கு இருந்திருக்கலாம். எனக்கு விரிப்பு மாற்றும்போது எரிச்சல்தான் வரும், சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் மாற்றுவேன்.

போன மாதம் அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். கட்டை விரல். சதையோடு ஒட்டி வளர்ந்திருந்தது, கை நடுங்காமல் பிடிக்க வேண்டும். அவர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பார்த்தும்மா, உனக்கு வலிக்கப் போகுது" என்றார்.

நகவெட்டி அவர் விரலில் இருக்கிறது. என்னை யாரென்று தெரியாமல் போய் ஒரு வருடம் ஆகிறது. வெட்டுகிற கை யாருடையது, வெட்டுப்படுகிற விரல் யாருடையது என்பதுகூட அவருக்குக் கலைந்துவிட்டது போல. வலிக்கக் கூடாதே என்பது மட்டும் கலையவில்லை. நான் மீதி நான்கு விரலையும் வெட்டாமல் எழுந்து போய்விட்டேன். ஏன் போனேன் என்று இன்னும் தெரியவில்லை.

ஆதாரம்எங்கே

ஈரத்துண்டு எழுதியதற்குப் பிறகு வாதாட மனம் வரவில்லை, ஆனாலும் லிஃப்ட் விஷயத்துக்கு ஆன்மிகம் தேவையில்லை. ஒரு வேலையில் ஈடுபடாதபோதுதான் மூளையின் சில பகுதிகள் மும்முரமாகின்றன. 2001-இல் மூளை ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்கிள் குழு அந்த நிலைக்கு 'டிஃபால்ட் மோட்' என்று பெயர் வைத்தது. தன்னைப் பற்றிய நினைப்பு, நாளைய கவலை, பழைய கதை எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் ஓடுகிறது. 2010-இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2,250 பேரிடம் போன் மூலம் நாள் நடுவே திடீர் திடீரென்று கேட்டுப் பார்த்தார்கள். கேட்ட நேரங்களில் ஏறத்தாழ 47 சதவீதத்தில் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலைந்தபோது மகிழ்ச்சியும் குறைவு. ஆக அந்த உள்ளே பேசுகிறவன் எல்லோருக்கும் உண்டு, இரவுப்பணி பயப்பட வேண்டாம்.

என் பங்குக்கு ஒன்று, பெயர் எதுவும் வைக்காமல். வீட்டில் இரத்த அழுத்தம் அளக்கிறேன். அளக்கும் முன் 5 நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட உட்கார வேண்டும் என்பது விதி. முதல் வாரம் அந்த ஐந்து நிமிடம் நரகம். ஒருநாள் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் பொத்தானை அழுத்தவே மறந்துவிட்டேன். நிமிர்ந்தால் 25 நிமிடம் போயிருந்தது. தூங்கவில்லை, எதையும் யோசித்ததாகவும் ஞாபகம் இல்லை. அன்றைக்கு அளக்கவில்லை. அளவு நன்றாக வந்தால் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருக்குமே!

பத்துநாள்மௌனம்

அதைத்தான் தியானம் என்கிறோம்.

ஆதாரம்எங்கே

நான் சொல்லவில்லை.

தரைவிரிப்பு

உங்கள் சண்டை தொடரட்டும். ரமணருக்கு 1896-இல், 16 வயதில், திடீரென்று மரண பயம் வந்து, பிணம்போலப் படுத்து 'சாவது எது' என்று பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு ஞாயிறு மதியம் நானும் விரிப்பைப் போட்டுப் படுத்தேன். கை கால் நீட்டி, வாயை மூடி, மூச்சை மெதுவாக்கி, நான் யார், நான் யார்... அதை மந்திரமாக உருப்போடக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார், ஆனால் உருப்போடுவது சுலபம். என் குறட்டைச் சத்தம் கேட்டு நானே விழித்தேன்.

விழித்ததும் ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி, அது யாருடைய சத்தம் என்று தெரியவில்லை. சத்தம் இருந்தது, கேட்பது இருந்தது. என் பெயர், வயது, திங்கட்கிழமை முடிக்க வேண்டிய வேலை எதுவும் வரவில்லை. அப்புறம் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. மறுபடி எத்தனையோ ஞாயிறு படுத்துப் பார்த்துவிட்டேன், குறட்டைதான் வருகிறது.

இரவுப்பணி

மனைவி இந்தத் திரியைப் படித்துவிட்டாள். "இருபதா?" என்று மட்டும் கேட்டாள்.

மழைக்காகம்

எல்லோருக்கும் நன்றி. ஈரத்துண்டு, உங்களுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நான்கு தடவை தட்டச்சு செய்து அழித்தேன், நான்கும் என் அப்பாவில் போய் முடிந்தன.

நேற்று தோழியைக் கூப்பிட்டேன். அந்தக் குரல்பதிவுக்கு மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். அவள், "எந்தப் பதிவுடீ? அந்த வாரம் வந்தது எதையும் நான் திறக்கவே இல்லை" என்றாள். தப்பித்தோம் என்று நிம்மதிதானே வர வேண்டும்? எனக்கு முதலில் வந்தது கோபம்.