மஞ்சள் நோட்டீஸ் போன மறுநாளே கடன் நின்னுடுமா? தறிக்காரன் அவர்களின் கவனத்துக்கு

கணக்குப்பிள்ளை:
'கடன் கட்ட வழியில்லை, நொடிச்சுப் போயிட்டேன்'னு வக்கீல் மூலமா கடன் கொடுத்தவங்களுக்கு அனுப்புறதுதான் மஞ்சள் நோட்டீஸ். அதைப் பத்திப் பக்கத்துத் திரியில் தறிக்காரன் எழுதினதை அப்படியே எடுத்துப் போடறேன்: "வேலை போய் மூணு மாசம் தாண்டிருச்சுன்னா யோசிக்காதீங்க. வக்கீலைப் புடிச்சு மஞ்ச நோட்டீஸ் உட்ருங்க. போய்ச் சேந்த மறுநாளே கேஸ் நிக்கும், ஜப்தி நிக்கும், போன் நிக்கும்." கீழே வரிசையா கைதட்டல் வேற.

வக்கீல் அனுப்புறது நோட்டீஸ். கோர்ட்டில் போடுறது மனு. மனுவை விசாரிச்சு, இவர் நொடித்தவர்னு கோர்ட் போடுறது உத்தரவு. மூணும் மூணு தேதி, நடுவில் எத்தனை வாய்தான்னு கோர்ட் வாசலில் நிக்கிறவனைக் கேளுங்க. 1920-ம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம், பிரிவு 28(2): உத்தரவு வந்த பிறகுதான், கோர்ட் அனுமதி இல்லாம கடன்காரர், அதாவது கடன் கொடுத்தவர், புதுசா வழக்குப் போடக்கூடாது. நோட்டீஸ் போன மறுநாள் நிக்கிறது ஒண்ணே ஒண்ணு, உங்களுக்குக் கைமாத்து கொடுக்கிறவன் வர்றது.

இன்னொன்னு. 'கடனைக் கட்டப் போறதில்லை'ன்னு கடன்காரனுக்கு நோட்டீஸ் கொடுக்கிறதையே பிரிவு 6 நொடிப்புச் செயல்னு சொல்லுது. அதை வச்சு மூணு மாசத்துக்குள்ள கடன்காரனே உங்க மேல நொடிப்பு மனு போடலாம், பிரிவு 9. கத்தியைப் பிடி பக்கமாத் திருப்பி அவன் கையில் கொடுக்கிற வேலை இது.

தறிக்காரன்:
ஏனுங்க கணக்குப்பிள்ளை, 28(2) வரைக்கும் படிச்சவரு 28(7)-ஐயும் படிச்சிருக்கலாமுங்க. உத்தரவு என்னைக்கு வந்தாலும் அது மனு போட்ட தேதியிலிருந்தே செல்லும்னு எழுதியிருக்குது. மனு போட்ட தேதி! அப்புறம் என்ன வாய்தா கதை? திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் வந்து பாருங்க. ஐ.பி., அதானுங்க நொடிப்பு மனு, போட்டாச்சுன்னு தெரிஞ்சாலே பாதிப்பேரு பேச்சுவார்த்தைக்கு வந்துருவாங்க. புஸ்தகம் வேற, ஊரு வேற.

கணக்குப்பிள்ளை:
நீங்க எழுதினது 'நோட்டீஸ் போன மறுநாள்'. இப்ப 'மனு போட்ட தேதி' ஆயிடுச்சு. அடுத்த பதிவில் 'உத்தரவு வந்த தேதி'ன்னு வருவீங்க, காத்திருக்கேன்.

28(7) சொல்றது உத்தரவு வந்தா. வந்தா! மனு தள்ளுபடி ஆனா பின்னோக்கிப் போக அங்க ஒண்ணுமே இல்ல. நடுவில் இருக்கிற மாசங்களில் கடன்காரன் வழக்குப் போடலாம், டிக்ரி வாங்கலாம், அதை நிறைவேத்தச் சொல்லி ஈ.பி. போடலாம். எல்லாம் நடக்கும்.

பாதி_வக்கீல்:
ரெண்டு பேரும் 1920-லேயே உட்கார்ந்திருக்கீங்க. 2016-ல் புது திவால் சட்டம் வந்தாச்சு. பழசெல்லாம் காலி. இப்ப தனிநபரும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குத்தான் போகணும். அடிப்படையே தெரியாம விவாதம்.

கணக்குப்பிள்ளை:
பாதி வக்கீல் சார், பேரை நல்லாத்தான் வச்சிருக்கீங்க. 2016 சட்டத்தில் தனிநபருக்கான பாகம் 3-ஐ, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தாங்க. கார்டு கடனும் புரோநோட்டுக் கடனும் வச்சிருக்கிற சம்பளக்காரனுக்கு அந்தக் கதவு திறக்கல. அவனுக்கு ஜில்லாவில் 1920 சட்டம். சென்னைன்னா 1909 சட்டம், ஐகோர்ட், சொத்தைப் பொறுப்பில் எடுக்கிற ஆபீஷியல் அசைனி. பழசை நீக்குற பிரிவு 243 தாளில்தான் இருக்கு.

பாதி_வக்கீல்:
சட்டம் பாராளுமன்றத்தில் பாஸ் ஆச்சா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

செலவுச்சிட்டை:
28(7) வெங்காயம் உரிக்கிறதுக்கு நடுவில் ஒரு வார்த்தை. வேலை போன வீட்டில் முதல் மூணு மாசம் செய்யவேண்டியது வேற. அதை யாரும் எழுத மாட்டேங்கறீங்க.

கடன் எந்த பாங்கில் இருக்கோ அதே பாங்கில் சம்பளக் கணக்கும் இருந்தா, கடைசி செட்டில்மென்ட் பணம் அங்க விழக்கூடாது. தவணைக்கு அவங்க எடுத்துக்க முடியும். வேற பாங்கில் கணக்கு திறந்து, அந்த நம்பரைக் கம்பெனிக்குக் கொடுக்கணும். இதைக் கடைசி வேலை நாளுக்கு முன்னாடியே செய்யணும். பி.எஃப். பணத்தைக் கடன்காரன் ஜப்தி பண்ண முடியாது, ஆனா அதை எடுத்துக் கடன் இருக்கிற பாங்கில் போட்டா நீங்களே தூக்கிக் கொடுத்த மாதிரி.

ஆட்டோ டெபிட்டைச் சும்மா விட்டா, காசில்லாம பவுன்ஸ் ஆகிற ஒவ்வொரு தடவையும் உங்க பாங்கும் கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்தவனும் பிடிப்பான். சில கம்பெனி ஒரே மாசத்தில் ரெண்டு மூணு தடவை போட்டுப் பார்ப்பான். முன்கூட்டியே எழுத்தில் தெரிவிச்சு, தவணையை மாத்தி அமைக்கச் சொல்லிக் கேளுங்க. போனில் சொன்னது கணக்கில் வராது.

கட்டுற வரிசை: வாடகை, கரண்ட், நகைக்கடன் வட்டி, வீட்டுக்கடன். கார்டு கடைசி. கார்டில் மினிமம் டியூ கட்டினா தப்பிச்சோம்னு நினைக்கிறவங்க கணக்குப் போட்டுப் பாருங்க. 1 லட்சம் நிலுவை, மாசம் 3.5 சதவீதம்னா வட்டி 3,500. அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 630. ஆக 4,130. நீங்க கட்டுற 5,000-ல் அசலில் குறையறது 870 ரூபாய். அந்த 5,000-ல் ஒரு மாசக் கரண்டும் சமையல் கேஸும் பாலும் போயிடும்.

கரண்ட்டுன்னதும் ஒண்ணு. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டவே விடாதீங்க. தாண்டினா மேல இருக்கிற யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ் ஸ்லாபுக்கும் ரேட் மாறும். 498-க்கும் 502-க்கும் பில்லில் எவ்வளவு வித்தியாசம்னு பார்த்தா ஃபிரிட்ஜையே அணைச்சிடுவீங்க.

தறிக்காரன்:
அக்கா சொல்றது சரிதானுங்க, ஆனா வாடகையும் வட்டியும் கட்டறதுக்கே காசில்லாதவனுக்குத்தான் மஞ்ச நோட்டீஸ். 500 யூனிட் கணக்கு ஏசி வச்சிருக்கிறவனுக்கு.

கணக்குப்பிள்ளை அய்யாவுக்கு: பிரிவு 52. ஜப்தி ஆன பொருள் ஏலம் போறதுக்கு முன்னாடி, மனு ஏத்துக்கப்பட்டிருக்குன்னு ஈ.பி. கோர்ட்டுக்குத் தெரிவிச்சா, அந்தப் பொருளை, சொத்தைப் பாத்துக்கக் கோர்ட் போடற ரிசீவர் கையில் கொடுக்கணும். மனு ஏத்துக்கப்பட்டாலே போதும், உத்தரவு வரணும்னு இல்ல. ஜப்தி நின்னுதா இல்லையா?

கணக்குப்பிள்ளை:
நின்னு எங்க போச்சு? உங்க வீட்டுக்கா? 'ரிசீவர் கையில்'னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஜப்தி ஆன தறி கோர்ட் அமீனா கையிலிருந்து ரிசீவர் கைக்குப் போச்சு. அவர் வித்து எல்லாக் கடன்காரருக்கும் பங்கு போடுவார். அதுக்குப் பேரு ஜப்தி நின்னதா? திரும்பவும் கேட்கிறேன்: நோட்டீஸ் போன மறுநாள் எது நிக்கும்? எந்தப் பிரிவு?

இன்னும் நாலு விஷயம் இருக்கு. மனுவில் எல்லாக் கடன்காரர் பேர், விலாசம், தொகை, உங்க சொத்து எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடணும். மூணு வருஷக் காலக்கெடுவுக்குள் இருக்கிற புரோநோட்டை அதில் எழுதினீங்கன்னா, கடனை ஒப்புக்கிட்ட மாதிரி. அந்தத் தேதியிலிருந்து காலக்கெடு புதுசா ஓட ஆரம்பிக்கும், காலவரையறைச் சட்டம் பிரிவு 18. ஒரு மனு தள்ளுபடி ஆனா, செத்துப்போகவிருந்த நோட்டுக்கெல்லாம் உயிர் கொடுத்த புண்ணியம் உங்களுக்கு.

வீட்டுக்கடன், நகைக்கடன் கொடுத்தவனை இது தொடாது. அடமானம் அவன் கையில் இருக்கு, அவன் விப்பான். ஜாமீன் போட்ட மச்சானும் தப்ப முடியாது. உங்களுக்கே கடனிலிருந்து விடுதலை உத்தரவு வந்தாலும் ஜாமீன்தாரருக்கு வராது, பிரிவு 44.

அமீனா_வர்றாரு:
செக் கொடுத்திருந்தா அதையும் சேர்த்து எழுதுங்க சார். செக் கேஸ் இதுல நிக்காது. பவுன்ஸ் மெமோ வந்த 30 நாளுக்குள்ள அவன் நோட்டீஸ், கைக்கு வந்ததிலிருந்து உங்களுக்கு 15 நாள், அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள அவன் பிராது. அது கிரிமினல் பக்கம். சப் கோர்ட்டில் ஐ.பி. நம்பர் விழுந்துச்சுன்னு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போய் நின்னா சிரிப்பாங்க.

இன்னொரு கூத்து, நோட்டீஸுக்கு முன்னாடி வீட்டைச் சம்சாரம் பேருக்கு தானசெட்டில்மென்ட் எழுதறது. எழுதின ரெண்டு வருஷத்துக்குள்ள போட்ட மனுவில் நொடித்தவர்னு உத்தரவு வந்தா ரிசீவர் அதை உடைக்கலாம், பிரிவு 53. சொந்தக்காரன் கடனை மட்டும் ரகசியமா அடைச்சுட்டு மூணு மாசத்துக்குள்ள மனு போட்டா அதையும் உடைக்கலாம், பிரிவு 54. எழுதாம இருந்தா பத்திரச் செலவாவது மிச்சமாகியிருக்கும்.

தறிக்காரன்:
யாரு எழுதச் சொன்னாங்க? நான் எங்கயாச்சும் பொண்டாட்டி பேருக்கு எழுதுன்னு சொன்னேனுங்களா? போன வருஷம் ஏலச்சீட்டுத் திரியிலயும் இதே வேலைதான். நான் சொல்லாததை எல்லாம் சொன்னதா வச்சு அடிக்கறது. அந்தத் திரியில கடைசில என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
தெரியும். சீட்டு ஏலத்தில் எடுக்கிறவன் விட்டுக்கொடுக்கிற தள்ளுகாசை லாபம்னு எழுதிட்டுக் காணாமப் போனீங்க.

தறிக்காரன்:
தள்ளுகாசு லாபந்தான். கடைசிச் சீட்டு எடுக்கறவனைக் கேட்டுப்பாருங்க.

செலவுச்சிட்டை:
ஆரம்பிச்சாச்சு. ஏலச்சீட்டுக்குப் போகாதீங்க, கெஞ்சிக் கேட்கிறேன்.

வீட்டுக்கடன் பக்கம் யாரும் தேதி எழுதல. தவணை 90 நாள் நிலுவையானா வாராக்கடன். அப்புறம் அடமானச் சொத்தைப் பாங்கே எடுத்து விக்க வழி கொடுக்கிற சர்ஃபேசி சட்டத்தில் 13(2) நோட்டீஸ், 60 நாள் கெடு. பலரும் அந்தக் கவரைப் பீரோவில் வச்சுப் பூட்டிடறாங்க. அந்த 60 நாளில் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்தா 15 நாளுக்குள் பாங்க் பதில் சொல்லியாகணும். அதுக்கப்புறம் 13(4) சுவாதீன நோட்டீஸ். அது வந்தா 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம், சென்னை, கோவை, மதுரை எதுவோ அங்க. 46-வது நாள் போனா தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு நிக்கணும்.

நகைக்கடனில் ஏலம் வரைக்கும் விடாதீங்க. நாலு உருப்படி இருந்தா ஒண்ணை மீட்டு, வித்து, மத்த மூணுக்கு வட்டி கட்டித் திருப்பி வைக்கலாம். ஏலமே போனாலும், கடன் போக மிச்சம் உங்க பணம். கணக்குத்தாள் எழுதிக் கேட்டு வாங்குங்க.

ரெக்கவரி ஆள் காலை 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் கூப்பிடக்கூடாது, ரிசர்வ் பாங்க் விதி. அழைப்புப் பட்டியலைப் படம் பிடிச்சு வைங்க. அதுக்கு மஞ்சள் நோட்டீஸ் தேவையில்ல.

ஈ.எஸ்.ஐ. பிடிச்ச சம்பளம்னா வேலையிழந்தோர் உதவி இருக்கான்னு கிளை அலுவலகத்தில் கேளுங்க. அடல் பேரில் ஒரு திட்டம், சராசரித் தினக்கூலியில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாள். நீட்டிச்சு நீட்டிச்சு ஓடுற திட்டம், நடப்பில் இருக்கான்னு விசாரிச்சுட்டுப் போங்க.

பாதி_வக்கீல்:
அக்கா, சிவில் சிறையை விட்டுட்டீங்க. டிக்ரி கட்டலைன்னா நேரா ஜெயில்தான், மூணு மாசம்.

அமீனா_வர்றாரு:
நேரா எல்லாம் கிடையாது. கட்ட வசதி இருந்தும் கட்டாம ஏய்க்கிறான்னு காட்டணும். கையில் இல்லாதவனைப் பிடிச்சுப் போட முடியாதுன்னு 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. பெண்களைப் பணக் கடன் டிக்ரிக்குக் கைது செய்யவே கூடாது, சிவில் நடைமுறைச் சட்டம் 56. சம்பளத்திலும் முழுசாப் பிடிக்க முடியாது. முதல் 1,000 விலக்கு, மிச்சத்தில் மூணில் ரெண்டு பங்கு விலக்கு. 25,000 சம்பளம்னா மாசம் 8,000 வரைதான் பிடிக்கலாம். ஒரே டிக்ரிக்கு 24 மாசம் பிடிச்சா அதோட சரி.

தறிக்காரன்:
பாத்தீங்களா, கைதுக்குத்தான் வந்தேன். அதே 1920 சட்டம் பிரிவு 31, பாதுகாப்பு உத்தரவு. அது கைதை நிறுத்தும். மஞ்ச நோட்டீஸ் நிறுத்தும்னு நான் சொன்னது இதைத்தான்.

கணக்குப்பிள்ளை:
31-ன் முதல் வரியை வாய்விட்டுப் படிங்க. 'நொடித்தவர் என உத்தரவான எவரும்' மனு செய்யலாம். உத்தரவான. மறுபடியும் உத்தரவு. நீங்க எந்தப் பிரிவைத் தூக்கிட்டு வந்தாலும் அது அந்த வாசலில்தான் வந்து நிக்குது.

உத்தரவு வந்தாலும் முடியல. கோர்ட் குறிச்ச கெடுவுக்குள் விடுதலை கேட்டுத் தனியா மனு போடணும். போடாம இருந்தா 43-ம் பிரிவில் உத்தரவே ரத்து, கடன்காரன் எல்லாரும் திரும்ப வாசலில். நம்மாளுங்க முக்கால்வாசிப் பேர் மாட்டறது இங்கதான். ஐ.பி. நம்பர் வாங்கினதோட வக்கீல் ஆபீஸ் பக்கமே போறதில்ல.

தறிக்காரன்:
அய்யா, நீங்க சொல்ற 'உத்தரவு' வர்றதுக்குள்ள கடன்காரன் பாதிக்குப் பாதி முடிச்சுக்கறேன்னு வந்துடறான். அதுதான் நடப்பு. சட்டத்தில் நிக்குதோ இல்லையோ, ஊரில் நிக்குது.

கணக்குப்பிள்ளை:
அப்ப சட்டத்தில் நிக்காதுன்னு ஒத்துக்கிட்டீங்க.

தறிக்காரன்:
எங்க ஒத்துக்கிட்டேன்? 28(7) அங்கயேதான் இருக்குது.

செலவுச்சிட்டை:
பாதிக்குப் பாதி முடிக்கிறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி லெட்டர்பேடில் கடிதம் வாங்குங்க. மொத்தத் தொகை, கடைசித் தேதி, 'இதோடு கணக்கு முடிந்தது' மூணும் இருக்கணும். ஏஜென்ட் வாட்ஸ்ஆப்பில் அனுப்பின ஆடியோ கடிதம் ஆகாது. கடன் வரலாறு காட்டுற சிபிலில் 'க்ளோஸ்டு'ன்னு வராது, 'செட்டில்டு'ன்னுதான் வரும், அடுத்த கடனுக்கு அது இடிக்கும். புரோநோட்டுன்னா நோட்டையே திரும்ப வாங்கிக் குறுக்கே கோடு போடுங்க.

பாதி_வக்கீல்:
2016 சட்டம் பாஸ் ஆச்சான்னு கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

கணக்குப்பிள்ளை:
தறிக்காரன், கேள்வி அப்படியே இருக்கு. நோட்டீஸ் போன மறுநாள். மனு போட்ட மறுநாள் இல்ல, உத்தரவு வந்த மறுநாள் இல்ல. எந்தப் பிரிவு? நம்பர் மட்டும் போதும்.

தறிக்காரன்:
தறி ஓட்டற நேரமுங்க. ராத்திரி வந்து 28(7)-ஐ மறுக்கா எழுதறேன், அதுவரைக்கும் தள்ளுகாசுக்குப் பதில் யோசிச்சு வைங்க.