எஸ்டேட் அவருக்கு, லைன் வீடு எங்களுக்கு: இது நியாயமா?

கேள்வி (ஏற்காடு):
அம்மாவும் பாட்டியும் ஒரே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். முதலாளி மகனுக்கும் என் வயதுதான். அவருக்குத் தோட்டம் வந்தது. எங்களுக்கு லைன் வீடு, அதாவது தொழிலாளர்களுக்கு எஸ்டேட் தரும் வரிசை வீடு, அதுவும் வேலை இருக்கும்வரைதான். ஒருவர் எவ்வளவு நிலம் வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டிய 1961 நில உச்சவரம்புச் சட்டம் தோட்டங்களைத் தொடவில்லையாமே, ஏன்?

பதில் (செவ்வாய்ப்பேட்டை):
உண்மைதான் தங்கச்சி. தோட்டத்தைத் துண்டு போட்டால் விளைச்சல் கெடும் என்று விலக்கு தந்தார்கள். வயலுக்கு மட்டும் 1970-ல் வரம்பை 15 ஸ்டாண்டர்டு ஏக்கராக (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் அளவு) குறைத்தார்கள். அப்புறம், இறந்தவர் சொத்துக்கு வரி போட 1953-ல் ஒரு சட்டம் வந்தது. பெரிய சொத்துக்கு 85 சதவீதம்வரைகூடப் போனது. வசூல் சொற்பம் என்று 1985-ல் எடுத்துவிட்டார்கள். ஒழுங்காக வசூலித்து அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு இதில் இன்னும் ஆத்திரம் உண்டு.

பதில் (ஆத்தூர்):
அப்பா மரவள்ளி போட்டுச் சேர்த்த நிலம் எங்களுடையது. அதற்கும் வரியா அண்ணா?

பதில் (செவ்வாய்ப்பேட்டை):
இல்லை தம்பி. சின்னச் சொத்துக்கு அப்போதே விலக்கு இருந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டை நம்பித்தான் என் தம்பி படிக்கிறான். கோச்சிங்குக்கு மலையிறங்கி சேலம் வரவேண்டும். அங்கே தங்கிப் படிக்க அரசு விடுதி இருக்கிறதா?