கொடைக்கானல் வீட்டுக்கு உட்கூரை மின்வெப்பம் ஒத்துவருமா?

கேள்வி (திருநகர், மதுரை):
கொடைக்கானலில் உள்ள எங்கள் சிறிய வீட்டில், மார்கழி இரவுகளின் குளிரை அம்மாவால் தாங்க முடிவதில்லை. ஊதும் ஹீட்டர் ஒத்துக்கொள்ளாததால், ஜிப்சம் உட்கூரைக்குள் மின்வெப்பப் படலம் (மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய தாள்) பதிக்கலாமா என எண்ணுகிறோம். சூடு மேலேதானே போகும்? மேற்கூரை தகரம்.

பதில் 1:
மேலே போவது சூடான காற்று. உட்கூரையிலிருந்து இறங்குவதோ அகச்சிவப்புக் கதிர், அது ஆளையும் கட்டிலையும் தரையையும் நேரடியாகச் சூடாக்கும். சித்திரை இரவில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில், மின்விசிறி ஓடியும் வேர்த்துப் படுத்த மதுரைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் படலத்துக்கு மேலே, தகரத்துக்குக் கீழே, கண்ணாடிக் கம்பளி போன்ற வெப்பக்காப்பு கட்டாயம் வேண்டும். இல்லையேல் கட்டிய பணம் வானத்துக்குப் போகும்.

பதில் 2:
மேசைக்கடியில் கால் குளிரத்தான் செய்யும், கதிர் மறைவுக்குள் புகாது. உட்கூரை தாழ்வாக இருந்தால் தலை கனக்கும். அதனால்தான் அறைகளின் வெப்ப வசதிக்கான ஐஎஸ்ஓ 7730 என்ற சர்வதேசத் தரம், சூடான கூரையால் மேலுக்கும் கீழுக்கும் வரும் கதிர்வெப்ப வேறுபாட்டை 5 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறது. 1,500 வாட் படலம் ஆறு மணி நேரம் முழுதாக ஓடினால் 9 யூனிட். வெப்பமூட்டும் வசதியுள்ள இன்வெர்ட்டர் ஏசி இதில் பாதிக்கும் குறைவாகவே எடுக்கும், ஆனால் அதுவும் காற்றை ஊதும். தெர்மோஸ்டாட்டும் (வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது) ஆர்சிசிபியும் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிப்பது) இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள். விளக்குக்காகப் பிறகு படலத்தில் துளையிடவும் கூடாது.

பதில் 3:
கதவு எந்நேரமும் திறந்திருக்கும் கடைகளுக்கு, கல்லாவுக்கு மேல் ஒரு கதிர்வெப்பப் பலகை போதும். உங்களுக்கும் கட்டிலுக்கு மேல் மட்டும் பதித்தால் செலவு குறையும்.