பாலியில் நியெப்பி அன்று, அதாவது ஊரே மௌனமாக இருக்கும் அவர்களுடைய புத்தாண்டு நாளில், தங்கியவர்கள் இருக்கிறீர்களா?

கடலைமிட்டாய்:
சனூரில், ஒரு குடும்பம் நடத்தும் சின்ன விடுதி. முந்தின நாள் சாயங்காலம் ஓகோ-ஓகோ ஊர்வலம், மூங்கில் பூதங்களைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் கூத்து. மறுநாள் காலை 6 மணியிலிருந்து 24 மணி நேரம் ஊரே ஊமை. விளக்குகூடப் போடக் கூடாது. ராத்திரி பையன் இருட்டுக்குப் பயந்து அழவும், பாத்ரூம் விளக்கைப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஜன்னலில் டார்ச் அடித்தது. வெளியே பெச்சாலாங், அதாவது ஊர்க்காவலர், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டிக்கொண்டு. என்னை ஒன்றும் சொல்லவில்லை. விடுதிப் பெரியவர்தான் ஓடிவந்து அவரிடம் கைகூப்பி நின்றார். அந்தக் கைகள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

நடைராஜா:
பெச்சாலாங் என்றால் போலீஸ் இல்லையே, அந்தந்த பஞ்சாரின், அதாவது ஊர்ச் சமூகத்தின் ஆட்கள். பெரியவருக்கு அடுத்த தெருக்காரராகக்கூட இருந்திருப்பார். அதனால்தான் அவருக்கு அவ்வளவு கூச்சம். எனக்கு உபுதில் வேறு கதை. கடை வாசலில் சாமிக்குப் படைத்து வைத்த சானாங் சாரியை மிதித்துவிட்டேன். ஓலைத் தட்டில் பூ, ஊதுபத்தி அப்போதுதான் புகைந்துகொண்டிருந்தது. கடைக்கார அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய் வேறொன்று எடுத்துவந்து அதே இடத்தில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பயணப்பித்தன்:
கடலைமிட்டாய், பையன்மேல் பழி போடாதீர்கள். பெரியவர்கள்தான் ஏற்பாடாக இருக்க வேண்டும். நான் 2024இல் மார்ச் 11 அன்று அங்கே இருந்தேன். நாய் குரைத்தது தவிர வேறு சத்தம் இல்லை, அவ்வளவுதான் என் கதை. போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சக ஆண்டுக் கணக்கு என்பதால் தேதி வருஷா வருஷம் மாறும். 2025இல் மார்ச் 29, 2026இல் மார்ச் 19. விமான நிலையம் முழு நாளும் மூடியிருக்கும், அன்றைக்கு டிக்கெட் போடாதீர்கள். 2018இலிருந்து மொபைல் இணையத்தையும் நிறுத்துகிறார்கள். கடை இருக்காது, கடற்கரைக்கும் போக முடியாது. தண்ணீர், ரொட்டி, குழந்தைக்குப் பால் எல்லாம் முந்தின நாளே வாங்கிவிடுங்கள். மருந்தும். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஜன்னலை மறைக்க ஏதாவது...

கடலைமிட்டாய்:
டிக்கெட் பற்றி யாரும் கேட்கவில்லை சார். ஆனால் ஜன்னல் விஷயம் சரி. அன்று சாயங்காலமே பெரியவர் பழைய செய்தித்தாளும் ஒட்டும் டேப்பும் கொண்டுவந்து கொடுத்தார். பாத்ரூம் ஜன்னலைக் கையால் காட்டிவிட்டும் போனார். நான்தான் மேஜைமேல் போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன்.